உலர்ந்த படகின் இடுக்கில் கை வைக்காதீர்கள்: பழைய டிராகன் படகுகளை விற்போர் செய்யும் தவறுகள்

நோர்வேயைச் சேர்ந்த யோஹான் அங்கர் 1929-இல் வரைந்த டிராகன், 1948 முதல் 1972 வரை ஒலிம்பிக் பந்தயங்களில் ஓடிய பாய்மரப் படகு. ஒன்பது மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளம், ஒல்லியான உடல், அடியில், படகு கவிழாமல் நிறுத்தும் பாரமாக, சுமார் ஒரு டன் எடையில் இரும்புக் கீல். கண்ணாடி இழை உடல்கள் 1973-இல் வந்தன. அதற்கு முந்தியவை மரத்தால் ஆனவை. அவற்றில் ஒன்றை யாராவது ஒரு கொட்டகையிலிருந்து மீட்டு, வருடக்கணக்கில் உழைத்துப் புதுப்பித்து, பிறகு விற்க வருகிறார்கள். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இந்தப் படகுகளோடு வேலை செய்யும் எனக்கு, புதியவர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் அதே இடங்களில் தடுக்கி விழுவதைப் பார்த்துப் பொறுக்கவில்லை. படகைக் கழுவி வையுங்கள், நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

விற்பதற்கு முன் உட்புறம் பெயின்ட் அடிப்பது

படகின் அடிவயிறு புதுப் பெயின்டில் மின்னினால், வாங்குபவருக்காகப் படகைச் சோதிக்கும் பரிசோதகருக்கு முதலில் வருவது சந்தேகம். எதை மறைத்திருக்கிறார்கள் என்று தேடத் தொடங்குவார். பழைய பெயின்டைச் சுரண்டிய பின் வெறும் மரம் தெரிய எடுத்த படங்கள் இருந்தால் அவற்றைக் காட்டுங்கள். புது வங்கு, அதாவது பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலா எலும்பு போன்ற மரச்சட்டம், எங்கே வைத்தீர்கள், எந்தப் பலகையை மாற்றினீர்கள் என்பது அவற்றில் தெரியும். வாங்குபவர் பணம் கொடுப்பது அதற்குத்தான்.

இடுக்குகளைக் கெட்டிப் பசையால் அடைப்பது

இதை எழுதத் தூண்டியதே இந்தத் தவறுதான்.

பழைய டிராகன்களில் பெரும்பாலானவற்றில் பலகைகள் விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். இடையிலுள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, மேலே மென்மையான புட்டி வைப்பார்கள். கலப்பற்று வேலை என்பது இதுதான். படகு தண்ணீரில் இறங்கியதும் மரம் நீரைக் குடித்து அகலவாக்கில் உப்பும். பலகைகள் பஞ்சை நெருக்கும், இடுக்கு இறுகும், கசிவு நிற்கும். படகைக் கட்டியவர் இந்த உப்பலை எதிர்பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்.

குளிர்காலத்தில் அதே படகைச் சூடேற்றிய கொட்டகையில் வைத்தால் மரத்தின் ஈரம் பத்து சதவீத அளவுக்கு இறங்கிவிடும். பத்து சென்டிமீட்டர் அகலப் பலகை ஓரிரு மில்லிமீட்டர் சுருங்கும். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பலகைகள் என்று கணக்குப் போட்டால், மொத்தச் சுருக்கம் இரண்டு விரல் அகலத்துக்குப் போகலாம். இடுக்குகள் வழியே வெளிச்சம் தெரியும். அது படகின் நோய் அல்ல. விற்கப் போகிறவரோ பயந்துபோகிறார். எபாக்ஸி என்ற, கல்லாக இறுகும் பசையை இடுக்குகளில் திணித்து, தேய்த்து, வெள்ளை பெயின்ட் பூசுகிறார். படத்தில் படகு முட்டை ஓடு போல வழுவழுப்பாக இருக்கிறது. வாங்குபவரும் மயங்கிவிடுகிறார்.

ஏப்ரலில் படகு தண்ணீரில் இறங்குகிறது. பலகைகள் உப்புகின்றன, இடம் இல்லை. எபாக்ஸி அமுங்குவதில்லை. அந்த அழுத்தம் வங்குகளின் மேல் விழுகிறது, திருகாணிகளை இழுக்கிறது. அப்படியும் வழி கிடைக்காவிட்டால் பலகை தன் விளிம்பையே நசுக்கிக்கொள்கிறது. நசுங்கிய மரநார் பழைய அளவுக்குத் திரும்பாது. அடுத்த குளிர்காலத்தில் அந்தப் பலகை முன்னைவிடக் குறுகிவிடும், இடைவெளி இன்னும் பெரிதாகும்.

இளைஞர் ஒருவர் ஒரு மகாகனி டிராகனை இப்படித்தான் விற்றார். அவருடைய வார்னிஷ் வேலையைப் போல நான் அதிகம் பார்த்ததில்லை, அவ்வளவு நேர்த்தி. விளம்பரத்தில் "உடனே கடலில் இறக்கலாம்" என்று எழுதியிருந்தார். வாங்கியவர் கோடையில் என்னை அழைத்தபோது, உடல் வளையும் இடத்தில் வங்குகள் வரிசையாக முறிந்து கிடந்தன. இறுகிய எபாக்ஸியை வெட்டி எடுக்கும்போது நல்ல பலகை விளிம்புகளும் சேர்ந்து போயின. அந்த விளம்பர வரியைப் பிடித்துக்கொண்டு வக்கீல் கடிதம் வந்தது. விற்ற பணத்தில் பெரும்பகுதியை அவர் திருப்பிக் கொடுத்தார். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல, படகை நேசித்தவர். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அவரைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவர்கூடவா தடுத்துச் சொல்லவில்லை?

செய்ய வேண்டியது இது. முடிந்தால் மே, ஜூனில், படகு தண்ணீரில் மிதக்கும்போது விற்றுவிடுங்கள். வாங்குபவர் தரைப்பலகையைத் தூக்கி உள்ளே பார்க்கட்டும், ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டும். குளிர்காலத்தில்தான் விற்க வேண்டும் என்றால் இடுக்குகளைத் திறந்தபடியே காட்டுங்கள். இறக்கும் நாளில் கிரேன் பட்டைகளை உடனே கழற்ற வேண்டாம், பம்பை ஓடவிட்டு, மரம் இறுகும்வரை ஓரிரு நாள் தொங்கட்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஈரச் சாக்குகளை முன்கூட்டியே உள்ளே விரித்து வைப்பதும் உதவும். அடைத்தே ஆக வேண்டிய இடத்தில் மென்புட்டி மட்டும்.

கீல் போல்ட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பது

கீலைப் படகோடு பிணைப்பவை இந்த இரும்பு போல்ட்டுகள். ஓக் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பை அரிக்கும். போல்ட்டின் தலையும் மரையும் நன்றாக இருக்கும், மரமும் கீலும் சந்திக்கும் இடத்தில் நடு உடல் மெலிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒன்றைக் கழற்றி மேசைமேல் வையுங்கள். மெலிந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு விற்பனைக்குப் போங்கள்.

ஒலிம்பிக் கதை

இளவரசி எலிசபெத்துக்கும் பிலிப்புக்கும் 1947-இல் திருமணப் பரிசாகக் கிடைத்த புளூபாட்டில் என்ற டிராகன், 1956 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது. அந்தப் பெருமையில் பங்கு கேட்டு, "அதே பட்டறையில் கட்டியது", "அதே பந்தயத்தில் ஓடியது" என்று காகிதம் இல்லாமல் எழுதுகிறார்கள். படகின் பாயில் எழுதியிருக்கும் எண்ணை வைத்துப் பழைய பதிவுகளில் தேடினால் உண்மை தெரிந்துவிடும். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்.

புதுப் பாய்கள்

வாங்காதீர்கள். பந்தயம் ஓட்டுபவர் தனக்குப் பாய் தைப்பவரிடம்தான் போவார்.

கழற்றிய வெண்கலச் சாமான்கள்

பழைய கப்பிகளையும் கொக்கிகளையும் கழிவுக்குப் போடுவது மன்னிக்க முடியாதது. ஒரு பெட்டியில் கட்டி, படகோடு கொடுங்கள்.

டிரெய்லர்

1,700 கிலோ படகு. ஏற்றிச் செல்ல வழி சொல்லாத விளம்பரத்தைத் தொலைவில் இருப்பவர் படிப்பதோடு நிறுத்திவிடுவார்.