வாலன்பெர்க் ஸ்ட்ரோக்: ஒரு மக் மைலோவைப் புரையேறாமல் கொடுப்பது எப்படி?

மலேசியாவில், ஈப்போ பெரியாஸ்பத்திரியிலிருந்து நோயாளி சுங்கை சிப்புட் தோட்டத்து வீட்டுக்கு வந்ததும் பார்க்க வருபவர்கள் கேட்பது: "கை கால் நல்லாத்தானே இருக்கு, தண்ணி மட்டும் ஏன் இறங்கல?"

1895-இல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் வாலன்பெர்க் விவரித்த இந்த அரிய ஸ்ட்ரோக், மூளைத் தண்டின் அடிப்பகுதியான முகுளத்தின் ஓரத்தைத் தாக்குகிறது. கை கால் பலம் பெரும்பாலும் தப்பிவிடும். தொண்டையில் ஒரு பாதியும் அந்தப் பக்கத்துக் குரல்நாணும் செயலிழக்கும். குரல் கரகரக்கும், சொல் மறக்காது. "புத்தி பேதலிச்சிடுச்சு" என்று நோயாளியின் காதுபட பேசாதீர்கள், எல்லாம் புரியும்.

வாயால் கொடுக்கலாம் என்று ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சோடு விழுங்குவதையும் சோதிப்பவர்) சொன்ன பிறகுதான் இந்தச் செய்முறை.

1. முதலில் பல் துலக்கிவிடுங்கள். வாய்க் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா.

2. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வையுங்கள். டிவியை அடைத்துவிடுங்கள்.

3. மைலோவை (சாக்லேட் மால்ட் பானம்) ஆற்றுங்கள். முகத்தின் ஒரு பக்கம் சூடு உறைக்காது, வெந்தாலும் தெரியாது. பிறகு கெட்டியாக்கும் மாவை டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி கலக்குங்கள். பால் கலந்தது கெட்டியாக நேரமாகும். பொறுமையில்லாமல் இன்னொரு கரண்டி போட்டால் சற்று நேரத்தில் களியாகிவிடும்.

4. ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சில் சோதியுங்கள் (0 முதல் 10 வரையான கோடுகள் 61.5 மி.மீ. நீளம் இருக்க வேண்டும்). முனையை விரலால் அடைத்து 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்து 10 வினாடி ஒழுக விடுங்கள். 4 முதல் 8 மில்லி மிச்சமிருந்தால் லெவல் 2 (IDDSI என்ற சர்வதேச அளவுகோலில் பானத்தின் கெட்டித்தன்மை). தெரபிஸ்ட் உங்களுக்குச் சொன்ன லெவல் எதுவோ அதுதான் கணக்கு.

5. அரை தேக்கரண்டி கொடுங்கள். தலையைத் திருப்பச் சொல்லியிருந்தால் செயலிழந்த பக்கமே திருப்ப வேண்டும்: அந்த வழி அடைபட்டு, மைலோ நல்ல பக்கமாக இறங்கும். பலர் இதை மாற்றிச் செய்துவிடுகிறார்கள். இரண்டு முறை விழுங்கிய பின் "ஆ" சொல்லச் சொல்லுங்கள். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் களகளத்தால் தொண்டையைச் செருமி மறுபடி விழுங்கட்டும். அப்படியும் தெளியாவிட்டால் நிறுத்துங்கள். இருமவில்லை என்பதால் நிம்மதியடைய வேண்டாம், சத்தமில்லாமலும் நுரையீரலுக்குள் போகும்.

6. குடித்த பின் 30 நிமிடம் படுக்க விடாதீர்கள்.

மைலோவில் நனைத்த பிஸ்கட் கூடாது: நீரும் துகளும் ஒன்றாக வந்தால் தொண்டை தடுமாறும். கஞ்சி என்றால், வாயில் வைத்த கரண்டியைக் கிண்ணத்தில் மறுபடி விடாதீர்கள். எச்சில் பட்ட கஞ்சி நீர்த்துவிடும்.

காய்ச்சலோ நெஞ்சில் சளிச் சத்தமோ இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. மூச்சு திணறினால் 999.