டேட்டாசெட்: பலரும் சறுக்கும் இடங்கள்

டேட்டாபேஸும் டேட்டாசெட்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்வதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. டேட்டாபேஸில் தகவல் மாறிக்கொண்டே இருக்கும். புதிது சேரும், பழையது திருத்தப்படும். டேட்டாசெட் என்பது ஒரு தேவைக்காகத் திரட்டி வைத்த தொகுப்பு. டேட்டாபேஸிலிருந்து போன மாதம் இறக்கிய சிஎஸ்வி கோப்பில் (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய உரைக் கோப்பு) நேற்று செய்த திருத்தம் இருக்காது. ஆகவே எடுத்த தேதியையும் எடுக்கப் பயன்படுத்திய குவெரியையும் (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை) கோப்போடு சேர்த்தே வையுங்கள்.

அடுத்தது, அட்டவணையின் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்று கேட்காமலே கணக்குப் போடுவது. என்னைக் கேட்டால் இதுதான் மிக மோசமான தவறு. ஓர் ஆர்டரின் தொகை 500, அதில் மூன்று பொருட்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் அட்டவணையைப் பொருட்களின் அட்டவணையோடு ஜாயின் செய்தால், அதாவது ஆர்டர் எண்ணை வைத்து இணைத்தால், அந்த 500 மூன்று வரிசைகளிலும் வந்து உட்காரும். கூட்டினால் 1500. குவெரி எந்தப் பிழையும் காட்டாது, அறிக்கையும் பார்க்க அழகாகவே இருக்கும். ஜாயினுக்கு முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணிப் பார்த்தாலே இது பிடிபட்டுவிடும்.

அப்புறம், விடுபட்ட மதிப்புகள். இயந்திரக் கற்றல் படிப்பவர்கள் பலரும் தொட்டிருக்கும் பீமா (ஓர் அமெரிக்கப் பழங்குடி இனம்) நீரிழிவு டேட்டாசெட்டில் 768 பெண்களின் விவரங்கள் இருக்கின்றன. அதில் 35 பேருக்கு ரத்த அழுத்தம் 0 என்று பதிவாகியிருக்கிறது. இன்சுலின் 374 பேருக்கு 0. உயிரோடு இருப்பவருக்கு ரத்த அழுத்தம் பூஜ்யமாக இருக்க முடியாதே! அளவீடு இல்லாத இடத்தில் 0 வந்திருக்கிறது, அவ்வளவுதான். குவெரி எழுதும் மொழியான எஸ்கியூஎல், சராசரி எடுக்கும்போது எதுவும் பதியாத வெற்று மதிப்புகளை ஒதுக்கிவிடும். ஆனால் 0 என்பது அதற்கு ஓர் எண், கணக்கில் சேர்த்துக்கொள்ளும். சராசரி சத்தமில்லாமல் இறங்கிவிடும். ஒவ்வொரு நெடுவரிசையிலும் குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்புகளை முதலில் பாருங்கள்.

வரிசைகள் எப்போதும் ஒரே ஒழுங்கில் வரும் என்று நம்பவும் வேண்டாம். எந்த ஒழுங்கில் வேண்டும் என்று சொல்லும் ‘ஆர்டர் பை’ போடாத குவெரிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

கடைசியாக, சிஎஸ்வியை எக்செலில் திறந்து அப்படியே சேமித்துவிடுவது. 00457 என்ற குறியீடு 457 ஆகிவிடும். ஒரு தாளில் 10,48,576 வரிசைகளுக்கு மேல் இடமும் இல்லை. மிச்சம் ஏறாது, சேமித்தால் கோப்பிலிருந்தே போய்விடும். சரி, திறந்து பார்க்கத்தான் வேண்டும் என்றால் நகலைத் திறங்கள், அசலைத் தொடாதீர்கள்.