கொல்லையில காய்ச்ச மிளகாய் ஐப்பசி மழையிலயும் கெடாம இருக்க

தை பட்டத்துல விதை போட்டவங்க வீட்ல இப்ப சித்திரை வைகாசில மொறத்துல அள்ற அளவுக்கு மிளகாய் வரும், அக்கம்பக்கத்துல குடுத்தும் மிச்சமாகும். கத்திரி வெயில் இருக்கறப்பவே முடிச்சிடுங்க, ஏன்னா நம்ம தஞ்சாவூர் கும்பகோணம் பக்கம் ஐப்பசி பொறந்தா உப்பு ஜாடி கூட கசியுற அளவுக்கு ஓதம் ஏறிடும்.

பச்சையா வைக்கறதுன்னா கழுவாதீங்க. காம்புகிட்டதான் அழுகல் ஆரம்பிக்கும், அதனால காம்பை கிள்ளிட்டு, துணியில தொடச்சு, பேப்பர் போட்ட டப்பால ஃப்ரிட்ஜ்ல வச்சா ரெண்டு மூணு வாரம் தாங்கும். ஃப்ரீசர்னா கழுவி நல்லா ஈரம் போக ஆறவிட்டு முழுசா போடுங்க, கொஞ்சம் தொளதொளன்னு ஆகும், குழம்புக்கு தாராளமா போதும்.

ஆனா என்னைக் கேட்டா பச்சைக் காய்க்கு மோர் மிளகாய்தான். குண்டு குண்டா இருக்கற சின்னக் குடமிளகாய் (பெரிய கேப்சிகம் இல்ல) கெடைச்சா அதுக்கு ஈடே இல்ல. ஒரு கிலோ காய்க்கு அரை லிட்டர் நல்லா புளிச்ச கெட்டித் தயிர், 150 கிராம் கல்லுப்பு, வறுத்துப் பொடிச்ச வெந்தயம் கொஞ்சம். காம்பு இருக்கட்டும், பொரிச்சு எடுக்க அதான் பிடி. நுனில சின்னதா கீறி மோர்ல ராத்திரி பூரா ஊறவிட்டு, காலைல காயை மட்டும் எடுத்து வெயில்ல போட்டு, சாயங்காலம் திரும்ப அதே மோர்லயே போடணும், அந்த மோரையும் மூடி போட்டு வெயில்லயே வைங்க, இப்படி மூணு நாலு நாள்ல மோர் மொத்தமும் காய் குடிச்சிடும், அப்புறம் சலசலன்னு காயற வரைக்கும் வெயில்தான்.

பழுத்ததை வத்தலா போடலாம். பறிச்சதும் வெயில்ல கொட்டாதீங்க, ரெண்டு நாள் நெழல்ல குவிச்சு வைங்க, அரைப்பழம் எல்லாம் ஒரே செவப்பா மாறும், இல்லன்னா வெள்ளை வெள்ளையா திட்டு விழும். இதுலயும் காம்பைக் கிள்ளக்கூடாது, அந்த ஓட்டை வழியாதான் பூசணம் உள்ள போகும். சாயங்காலம் பாயோட சுருட்டி உள்ள எடுத்துடுங்க, பனி படக்கூடாது. குலுக்குனா விதை கலகலன்னு ஆடணும். நான் ஒரு வருஷம் அவசரப்பட்டு மாடிலேர்ந்து எடுத்த சூட்டோடயே டின்ல அடைச்சிட்டேன், உள்ள வேர்த்துப்போய் தீபாவளிக்கு தொறந்தா டின் முழுக்க பூசணம், அத்தனையும் குப்பைக்குப் போச்சு. மனசே ஆறல. பூசணம் புடிச்சதை தொடச்சு கூட சமையலுக்கு எடுக்காதீங்க, அந்த விஷம் வறுத்தாலும் போகாது. நல்லா ஆறவிட்டு கட்டுங்க, புரட்டாசி வெயில்ல இன்னொரு தடவ காயவைங்க.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன், பச்சை மிளகாய், பூண்டை எண்ணெயில மூழ்கப் போட்டு வெளிய வைக்காதீங்க. காத்து படாத எடத்துல போட்டுலிசம்ங்கற உயிரைப் பறிக்கற நோயைக் கொண்டுவர்ற விஷம் உண்டாகும், வாசனைல தெரியாது. வினிகர்ல உப்பு போட்டு ஊறவச்சு ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம்.

கை எரிஞ்சா தண்ணில போகாது, மொதல்ல எண்ணெய் தடவி அப்புறம் சோப்பு.

நோய் இல்லாத செடில நல்லா பழுத்ததா பத்து பழம் தனியா எடுத்து, காயவச்சு, விதையை சாம்பல் கலந்து பேப்பர்ல மடிச்சு வைங்க, அடுத்த தை பட்டத்துக்கு ஆகும்.