சதுப்புநிலக்காடு திரும்ப வளரணுமா? கன்னு நடறதுக்கு முன்னாடி தண்ணிய பாருங்க

வீக்கெண்ட்ல எங்கயாவது மரம் நடலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க, ஆர்வம் ரொம்ப நல்லது, ஆனா சதுப்புநிலக்காடுன்னு (கடலோர சேத்துல வளர்ற மேங்குரோவ் காடு) வந்துட்டா நடறது கடைசி வேலைங்க, பல இடத்துல அது தேவையே படாது. பிலிப்பைன்ஸ்ல வருஷக்கணக்கா சுரபுன்னைங்கற ஒரே மேங்குரோவ் வகையா நட்டுத் தள்ளினாங்க, அதுவும் கடல் தண்ணி எந்நேரமும் மூடிக்கிடக்கிற சேத்துல, கடைசில நிலைச்சது பொதுவா 10–20% தான்னு 2008-ல வந்த ஆய்வு சொல்லுது.

நம்ம சிங்கப்பூர் புலாவ் உபின் தீவுல பழைய இறால் குட்டைங்க இருக்கு. காட்டை வெட்டி மண்கரை போட்டு வளர்த்தாங்க, அப்புறம் அப்படியே விட்டுட்டாங்க. கரைக்கு வெளிய காடு இருக்கும், உள்ள வெறும் சேறும் தண்ணியும். விதைக்கு பஞ்சமே இல்ல, சுரபுன்னை காய் மரத்துலயே முளைச்சு நீளமா தொங்கி விழுந்து மிதந்து வரும், ஆனா கரை தடுக்குது, உள்ள தண்ணி ஏறி இறங்க வழியில்ல. அதனாலதான் ரீஸ்டோர் உபின் மேங்குரோவ்ஸ் குழு மாதிரி ஆளுங்க தண்ணி ஓட்டத்தை சரி பண்ணி காடு தானா வர்ற வழிய முன்வைக்கிறாங்க.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், நீங்களா மம்பட்டி எடுத்துட்டுப் போய் கரைய வெட்டிடாதீங்க, என்பார்க்ஸ் (சிங்கப்பூர் தேசிய பூங்கா வாரியம்) அனுமதி கட்டாயம் வேணும், குழுவோட சேர்ந்து போங்க.

போற அன்னிக்கு டைட் டேபிள் (கடல் தண்ணி ஏறி இறங்கற நேர அட்டவணை) பாத்து தண்ணி வத்தற நேரத்துக்கு போங்க. முதல்ல குட்டைக்குள்ள இறங்காதீங்க, பக்கத்துல நல்லா இருக்கிற காட்டுக்குப் போங்க, அதுதான் உங்களுக்கு அளவுகோல். எந்த மரம் எந்த உயரத்துல நிக்குதுன்னு குறிச்சுக்கோங்க. பொதுவா இந்த மரங்க சராசரி கடல்மட்டத்துக்கு மேல இருந்து கடல் தண்ணி அதிகபட்சமா ஏறற உயரம் வரைக்கும்தான் வளரும், அமெரிக்காவோட ஃப்ளோரிடால மேங்குரோவ் மீட்பு நிபுணர் ராய் லூயிஸ் பண்ண வேலைல மொத்த நேரத்துல சுமார் 30% அல்லது அதுக்கும் கம்மியாதான் தண்ணிக்குள்ள இருக்கணும்னு தெரிஞ்சுது.

அடுத்து அந்த உயரத்தையும் குட்டை அடித்தரையையும் ஒப்பிடணும். பெரிய மெஷின் வேண்டாம், கட்டட வேலைல பிடிக்கிற டியூப் லெவல் போதும், தெளிவான டியூப்ல தண்ணி நிரப்பி குமிழி இல்லாம தட்டி விட்டுட்டு ஒரு முனைய காட்டுல ஒரு கம்புகிட்டயும் இன்னொண்ண குட்டைலயும் பிடிச்சா ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும், அங்கேருந்து தரை வரைக்கும் டேப் வச்சு அளந்தா வித்தியாசம் தெரிஞ்சிடும். சைட்ல வேலை பாக்கிற நம்ம அண்ணன்மாருங்களுக்கு இது கைவந்த கலை, ஒருத்தரையாவது கூட்டிட்டு போங்க.

குட்டை ரொம்ப பள்ளமா இருந்தா கரை மண்ணையே எடுத்து மேடாக்கலாம். கரைய திறக்கணும்னா கண்ட இடத்துல கூடாது, பழைய ஓடை எங்க ஓடுச்சோ அங்க, நேஷனல் ஆர்கைவ்ஸ்ல பழைய வரைபடங்க இருக்கு, தேடிப் பாருங்க. மண்ணையும் கவனிங்க, காஞ்ச சேத்துல துரு மாதிரி ஆரஞ்சு நிறம் படிஞ்சிருந்தா அமிலம் ஏறியிருக்கலாம், டெஸ்ட் பண்ணாம கிளறாதீங்க.

தண்ணி போக வர ஆரம்பிச்சதும் பொறுமையா இருக்கணும், இதுதான் எல்லாருக்கும் கஷ்டம். ஒரே இடத்துல நின்னு ஒரே திசைல மாசாமாசம் ஃபோட்டோ எடுங்க, வெண்கண்டல் (இன்னொரு மேங்குரோவ் வகை) கன்னு எத்தனை, சுரபுன்னை எத்தனைன்னு தனித்தனியா எண்ணுங்க, நண்டு வளை கூடுதான்னும் பாருங்க. குப்பை, அறுந்த வலை கன்னு மேல சுத்தியிருந்தா எடுத்துடுங்க.

ரெண்டு மூணு வருஷம் ஆகியும் விதையே வரலன்னா அப்ப நடலாம். பக்கத்துக் காட்டுல விழுந்த காயா அனுமதியோட பொறுக்கி, சுரபுன்னைன்னா கூர் முனை கீழ இருக்க மூணுல ஒரு பங்கு சேத்துல செருகினா போதும், ஒரே வகைய வரிசையா நடாம கலந்து நடுங்க.