கலை மன்றத்துக்கு எல்லோரும் வரவேண்டும் என்று நினைக்கிறீர்களா? முதலில் பஸ் நேரத்தைப் பாருங்கள்

நான் ஓர் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். நுண்கலை மன்றம் என் தலையில் விழுந்த முதல் வருடம், "திறமையுள்ளவர்கள் பெயர் கொடுக்கவும், மாலையில் பயிற்சி" என்று நோட்டீஸ் ஒட்டினேன். எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுப் பேரும் உள்ளூர், ஏற்கெனவே எங்கோ கற்றவர்கள்.

எங்களுக்கு இரண்டு ஷிப்ட். காலை ஷிப்ட் பிள்ளைகளில் பலர் மதியத்துக்கு மேல் ஜவுளிக்கடைக்கோ செல்போன் கடைக்கோ வேலைக்குப் போகிறவர்கள். மதிய ஷிப்ட் விட்டால் கடைசி பஸ்தான் கண்ணில் நிற்கும். எனவே வகுப்புவாரியாக ஒரு தாளை அனுப்பி, யார் எந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், யாருக்கு வேலை என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாள்தான் உங்கள் கால அட்டவணை. எங்களுக்கு அதில் கிடைத்தது ஷிப்ட் மாறும் நேரத்து அரை மணி. வாரம் மூன்று நாள், வேப்பமரத்தடி. நோட்டீஸையும் மாற்றினேன்: "ஒன்றும் தெரியாதவர்கள் வரலாம்."

என்ன கற்றுத் தருவது? நான் பறையும் தெருக்கூத்தும் எடுத்துக்கொண்டேன். பறைக்குத் தொடக்கத்தில் ஆளுக்கொரு கருவி வேண்டாம். இடக்கையில் நீளமான மெல்லிய குச்சி, வலக்கையில் குட்டையான தடித்த குச்சி. பெஞ்சில் தட்டியே அடிகள் பழகலாம். ஐந்து பறை இருந்தால் முறை வைத்துப் பிடிக்கலாம். பறையின் தோல் இறுகிச் சத்தம் நன்றாக வருவதற்காகச் சூடுகாட்ட நெருப்பு மூட்டுவதை வாட்ச்மேனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லாமல் மூட்டியபோது அவர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார்.

கூத்தின் வசதி, அதற்கு மேடை தேவையில்லை. தரையிலேயே ஆடலாம். எங்கள் கலையரங்க மேடைக்கு ஆறு படி, சாய்தளம் கிடையாது. சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்கு அந்த மேடை ஒரு மதில். மரத்தடியில் அவள்தான் கட்டியங்காரன், அதாவது கதையை அறிவித்து, கேலி பேசிக் கூத்தை நடத்திச் செல்கிறவர். கூச்சப்படுகிறவர்களுக்குத் திரை பிடிக்கும் வேலை கொடுங்கள். வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னால் நின்று பாடும்போது இருவர் அதைப் பிடித்திருக்க வேண்டும். மூன்று வாரம் திரை பிடித்த பையன் நாலாவது வாரம் தானாகவே பாட ஆரம்பித்தான்.

பார்வை தெரியாத மாணவருக்குக் குச்சியை அவர் கையில் வைத்து, உங்கள் கையை மேலே வைத்து அடித்துக் காட்டுங்கள், ஆனால் தொடும் முன் கேளுங்கள். "இப்படி அடி" என்பது அவருக்கு வெறும் சத்தம். "விளிம்பில் அடி, நடுவில் அடி" என்று வாயால் சொல்லுங்கள். நடிக்கும்போது அரங்கில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் ஒருவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும்.

உடை விஷயத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். வாடகை உடைக்குப் பணம் வசூலித்தபோது ஒரு பெண் "வீட்டில் விட மாட்டேங்கிறாங்க மேடம்" என்று விலகிக்கொண்டாள். காரணம் வீடு இல்லை, பணம் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது வீட்டில் இருக்கிற துணிதான், யாரிடமும் ஒரு ரூபாய் வாங்குவதில்லை. பயிற்றுநருக்கு மட்டும் மன்ற நிதியிலிருந்து, பேசிய தொகையை அன்றே கையில் கொடுத்துவிடுகிறோம். நாட்டுப்புறக் கலைஞர் என்றால் சால்வை போதும் என்று நினைக்கிற பழக்கம் நம்மிடம் நிறைய.

இன்னொன்று, கொஞ்சம் நுணுக்கமானது. பறையைச் சாதியோடு சேர்த்துப் பார்க்கிற வீடுகள் இன்னும் உண்டு. சில பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் அடிக்க வருகிறார்கள். பறை கையில் இருக்கும் படத்தை அவர்களைக் கேட்காமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். துறைத்தலைவர் கேட்டாலும் சரி, கல்லூரிக்குத் தரமதிப்பீடு தரும் நாக் (NAAC) அமைப்புக்கான கோப்புக்கு வேண்டும் என்றாலும் சரி. படம் வேண்டுமென்றால் சம்மதித்தவர்களை மட்டும் தனியாக நிறுத்தி எடுங்கள்.