பீகிள்போனுக்கு யோக்டோ எஸ்டிகே: நிறுவுவது முதல் டீபக் செய்வது வரை

எம்பெடட் லினக்ஸ் போர்டு ஒன்றைக் கையில் கொடுத்து அதற்கு ஒரு சி புரோகிராம் எழுதச் சொன்னால், பலர் முதலில் செய்வது உபுண்டுவிலிருந்து ஆர்ம் கம்பைலரை இறக்கிக்கொள்வதுதான். ஹலோ வேர்ல்டு அதில் பெரும்பாலும் ஓடிவிடும். எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் லைப்ரரி வேண்டும் என்று வரும்போது சிக்கல் ஆரம்பிக்கும். போர்டில் என்னென்ன லைப்ரரிகள் எந்தப் பதிப்பில் இருக்கின்றனவோ, அதே பதிப்புகளும் அவற்றின் ஹெடர் கோப்புகளும் உங்கள் கணினியிலும் இருந்தாக வேண்டும். கம்பைலர் மட்டும் அதைத் தராது; கம்பைலர், லைப்ரரிகள், ஹெடர்கள் எல்லாம் சேர்ந்த தொகுப்பான எஸ்டிகே தரும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: போல்ட்டுக்கு ஏற்ற நட்டு போல, இமேஜுக்கு ஏற்ற எஸ்டிகே. இமேஜ் என்றால் போர்டில் ஏற்றும் லினக்ஸ் சிஸ்டம் முழுவதும்; அதுவும் எஸ்டிகேயும் ஒரே பில்டிலிருந்து வர வேண்டும்.

நாங்கள் கோவையில் நூற்பாலை மெஷின்களின் ஓட்டத்தைப் பதிவு செய்யும் பெட்டிகள் செய்கிறோம். மெஷின் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்பதை ஒரு சின்ன சி புரோகிராம் எஸ்கியூலைட்டில் எழுதிவைக்கும். அதையே இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். போர்டு பீகிள்போன் பிளாக்: கோர்டெக்ஸ் ஏ8 பிராசஸர், 512 எம்பி ராம். இந்த ராமை வைத்துக்கொண்டு போர்டிலேயே பெரிய கோடை கம்பைல் செய்ய நினைக்க வேண்டாம். போர்டுக்கான லினக்ஸை நாமே பில்ட் செய்ய உதவுவது யோக்டோ. நாம் எடுத்துக்கொள்வது அதன் பதிப்பு 5.0, அதாவது 2024 ஏப்ரலில் வந்த ஸ்கார்த்கேப். நீண்டகால ஆதரவு உள்ள பதிப்பு என்பதால் பெட்டிக்குள் போகிற வேலைக்கு இதுபோன்றதையே தேர்ந்தெடுங்கள். கட்டளைகளைப் பக்கத்து மேசைக்காரருக்கு வாயால் சொல்வது போல எழுதுகிறேன்.

எஸ்டிகே இன்ஸ்டாலரை யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். நீங்களே உருவாக்க வேண்டுமென்றால், யோக்டோ ஆவணம் குறைந்தது 90 ஜிபி காலி இடமும் 8 ஜிபி ராமும் கேட்கிறது. 8 ஜிபியில் வேலை நடக்கும், ஆனால் 16க்குக் கீழே நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. யோக்டோவின் மாதிரி டிஸ்ட்ரோவான போக்கியின் ரெப்போவை ஸ்கார்த்கேப் கிளையில் கிட் மூலம் எடுத்து, பில்ட் சூழலைத் தொடங்குங்கள். கான்ஃப் ஃபோல்டரில் லோக்கல் டாட் கான்ஃப் என்ற கோப்பு இருக்கும். அதில் மெஷின் என்ற மாறிக்கு பீகிள்போன்-யோக்டோ என்று கொடுங்கள். அப்புறம், இமேஜ் அண்டர்ஸ்கோர் இன்ஸ்டால் கோலன் அப்பெண்ட் என்று ஒரு வரி சேர்த்து, மேற்கோள் குறிக்குள் எஸ்கியூலைட்3, ஜிடிபிசர்வர் இரண்டையும் இடைவெளி விட்டு எழுதுங்கள். ஜிடிபிசர்வர் பின்னால் டீபக் செய்யும்போது தேவைப்படும். மேற்கோள் குறி திறந்தவுடன், முதல் பெயருக்கு முன்னாலும் ஒரு இடைவெளி கட்டாயம். அப்பெண்ட் தானாக இடைவெளி போடாது. அது இல்லையென்றால் முந்தைய பேக்கேஜின் பெயரோடு உங்கள் பெயர் ஒட்டிக்கொள்ளும். அப்படியொரு பேக்கேஜே இல்லை என்று யோக்டோவின் பில்ட் கருவியான பிட்பேக் நின்றுவிடும்.

இப்போது கட்டளை இரண்டு. முதலில் பிட்பேக், ஒரு இடைவெளி, கோர்-இமேஜ்-ஃபுல்-சிஎம்டிலைன். இது போர்டுக்கான இமேஜைத் தரும். அது முடிந்ததும் அதே கட்டளையில் பிட்பேக்குக்கும் இமேஜ் பெயருக்கும் நடுவே மைனஸ் சி, இடைவெளி, பாப்புலேட் அண்டர்ஸ்கோர் எஸ்டிகே என்று சேர்த்து ஓட்டுங்கள். இமேஜின் பெயர் இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மெட்டா-டூல்செயின் என்றும் ஒன்று உண்டு. பலர் அதைப் பில்ட் செய்துவிட்டு எஸ்கியூலைட் ஹெடரைக் காணோம் என்று தேடுவார்கள். அது பொதுவான டூல்செயின், உங்கள் இமேஜில் என்ன சேர்த்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. பாப்புலேட் எஸ்டிகேயை இமேஜின் பெயரோடு ஓட்டினால், இமேஜில் உள்ள ஒவ்வொரு பேக்கேஜுக்கும் இணையான, ஹெடர்கள் உள்ள டெவ் பேக்கேஜையும் தானே சேர்த்துக்கொள்ளும்.

பில்ட் ஃபோல்டருக்குள் டெம்ப், டிப்ளாய், எஸ்டிகே என்று உள்ளே போனால் எஸ்ஹெச் என்று முடியும் நீளமான பெயருள்ள ஒரு கோப்பு இருக்கும். அந்தப் பெயரை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். போக்கி என்பது டிஸ்ட்ரோ. ஜிலிப்சி என்பது சி லைப்ரரி. எக்ஸ்86-64 என்பது நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் கணினி. அடுத்து இமேஜின் பெயர், அதற்கடுத்து கோர்டெக்ஸ் ஏ8 என்று தொடங்கும் போர்டின் பிராசஸர் வகை, மெஷினின் பெயர், கடைசியில் பதிப்பு எண். கையில் இருப்பது சரியான எஸ்டிகேதானா என்பதை நிறுவுவதற்கு முன்பே இந்தப் பெயரிலிருந்து சரிபார்த்துவிடலாம்.

நிறுவுவது சுலபம். கோப்புக்கு இயக்கும் அனுமதி கொடுத்து ஓட்டினால், எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஆப்ட் ஃபோல்டருக்குள் போக்கி என்ற பெயரில், பதிப்பு எண்ணோடு போகும். நான் மைனஸ் டி போட்டு ஹோம் ஃபோல்டரிலேயே ப்ராஜெக்டின் பெயரில் ஓர் இடம் கொடுப்பேன். சூடோ தேவைப்படாது, இரண்டு ப்ராஜெக்டுகளின் எஸ்டிகேக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நிறுவிய பிறகு அந்த ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தக் கூடாது, பெயரையும் மாற்றக் கூடாது. எஸ்டிகேக்குள் இருக்கும் கம்பைலர் உங்கள் உபுண்டுவின் லைப்ரரிகளை நம்பி ஓடுவதில்லை. தனக்கென்று ஒரு டைனமிக் லோடரையே கூட எடுத்து வருகிறது. அது இருக்கும் முழுப் பாதையையும் இன்ஸ்டாலர் ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் எழுதிவைக்கிறது. ஃபோல்டரை நகர்த்தினால் அந்தப் பாதை செத்துப்போகும். இடம் மாற்றத்தான் வேண்டும் என்றால் அழித்துவிட்டு இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டுங்கள்.

நிறுவிய ஃபோல்டரில் என்விரான்மெண்ட்-செட்டப் என்று தொடங்கும் கோப்பு ஒன்று இருக்கும். அதை ஒரு புரோகிராம் போல ஓட்டக் கூடாது. ஒரு புள்ளி, ஒரு இடைவெளி, பிறகு கோப்பின் பாதை: இப்படி சோர்ஸ் செய்ய வேண்டும். அப்போதுதான் அதிலுள்ள மாறிகள் உங்கள் டெர்மினலில் தங்கும். புது டெர்மினல் திறக்கும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும். இந்த வரியை பாஷ்-ஆர்சியில் போட்டுவிடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். கணினிக்காக நீங்கள் செய்யும் பில்டும் ஆர்முக்குப் போய்விடும். அதே டெர்மினலில் யோக்டோ பில்ட் சூழலைத் தொடங்கப் போனாலும், எஸ்டிகே ஏற்கெனவே இருக்கிறது, சுத்தமான ஷெல்லுக்குப் போ என்று மறுத்துவிடும். சோர்ஸ் செய்யும்போது எல்டி லைப்ரரி பாத் பற்றிப் புகார் வந்தால் அந்த மாறியை அன்செட் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

எக்கோ, இடைவெளி, டாலர் சிசி என்று அடித்துப் பாருங்கள். வருவது கம்பைலரின் பெயர் மட்டும் அல்ல. ஆர்ம்-போக்கி-லினக்ஸ் என்று தொடங்கும் பெயரைத் தொடர்ந்து எந்த பிராசஸர், ஃப்ளோட் கணக்கை ஹார்டுவேரில் செய்வதா என்பது போன்ற குறிப்புகள் வரும். சிஸ்ரூட் எங்கே என்ற பாதையும் அதிலேயே இருக்கும். சிஸ்ரூட் என்பது போர்டின் ரூட் ஃபைல் சிஸ்டத்துடைய நகல், கூடவே ஹெடர்கள். கம்பைலரை அதன் பெயரை மட்டும் சொல்லி நேராகக் கூப்பிட்டால் இந்தக் குறிப்புகள் எதுவும் போகாது. எஸ்டிடிஐஓ டாட் ஹெச்சையே காணோம் என்று சொல்லும். எஸ்டிகே கெட்டுப்போய்விட்டது என்று யாராவது என்னிடம் வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். எப்போதும் டாலர் சிசி என்றே கூப்பிடுங்கள்.

நம் பதிவு புரோகிராமைக் கம்பைல் செய்ய டாலர் சிசி, டாலர் சிஃப்ளாக்ஸ், சோர்ஸ் கோப்பு, டாலர் எல்டிஃப்ளாக்ஸ், கடைசியில் எஸ்கியூலைட்டுக்கான பிகேஜி-கான்ஃபிக் கேள்வி என்று ஒரே வரியில் கொடுங்கள். பிகேஜி-கான்ஃபிக்கும் இந்த டெர்மினலில் சிஸ்ரூட்டுக்குள் மட்டுமே தேடும். உங்கள் கணினியின் யூஎஸ்ஆர் இன்க்ளூட் பாதையை எந்தக் கட்டளையிலும் கையால் எழுதாதீர்கள். அங்கே இருப்பது உபுண்டுவின் ஹெடர்கள்; கம்பைல் ஆனாலும் போர்டில் தவறாக நடக்கலாம்.

கம்பைல் ஆனதும் போர்டுக்கு அனுப்பும் முன் 'ஃபைல்' என்ற கட்டளையை அதன்மேல் ஓட்டுங்கள். 32 பிட், ஆர்ம் என்று வர வேண்டும். அதே வரியில் இன்டர்ப்ரெட்டர் என்ற சொல்லுக்குப் பின்னால் எல்டி-லினக்ஸ்-ஆர்ம்ஹெச்எஃப் என்று தொடங்கும் கோப்பின் பாதை இருக்க வேண்டும். எக்ஸ்86-64 என்று வந்தால் உங்கள் பில்ட் எங்கோ எஸ்டிகேயை விட்டு விலகியிருக்கிறது.

பெரும்பாலும் மேக்ஃபைலில்தான் விலகும். சிசி சமம் ஜிசிசி என்று ஒரு வரி அதில் இருந்தால் அது டெர்மினலின் மாறியை மீறிவிடும். அந்த வரியை எடுத்துவிட்டாலே போதும், மேக் தானாக எஸ்டிகேயின் மாறியை எடுத்துக்கொள்ளும். சிமேக் பயன்படுத்துகிறவர்களுக்குத் தனியாக டூல்செயின் கோப்பு எழுதும் வேலை இல்லை, எஸ்டிகேயே அதைக் காட்டிவிடும். ஆனால் பழைய பில்ட் ஃபோல்டரை முழுசாக அழித்துவிட்டுத் தொடங்குங்கள். முன்பு கணினிக்காக ஓட்டியபோது கண்டுபிடித்த கம்பைலரை சிமேக் தன் கேஷ் கோப்பில் நினைவில் வைத்திருக்கும்.

போர்டுக்கு அனுப்ப எஸ்சிபி. நாம் எடுத்துக்கொண்ட இமேஜில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் இருப்பதால் தொந்தரவில்லை. இடத்தைச் சேமிக்க ட்ராப்பேர் என்ற சின்ன எஸ்எஸ்ஹெச் சர்வர் வைத்த இமேஜ் என்றால், எஸ்எஃப்டிபி சர்வரைக் காணோம் என்று எஸ்சிபி நின்றுவிடும். 2022இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.0இலிருந்து எஸ்சிபி உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி முறையில்தான் பேசுகிறது; ட்ராப்பேரில் அது இல்லை. மைனஸ் போட்டு பெரிய ஓ சேர்த்தால் பழைய முறைக்குத் திரும்பும்.

போர்டில் ஓட்டும்போது வரும் பிழைகளில் இரண்டை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, எல்எஸ் அடித்தால் கோப்பு கண்முன்னே இருக்கும், ஓட்டினால் அப்படியொரு கோப்பு இல்லை என்று ஷெல் சொல்லும். காணாமல் போனது உங்கள் புரோகிராம் இல்லை, அது கேட்கும் இன்டர்ப்ரெட்டர். மசல் என்ற வேறொரு சி லைப்ரரியில் செய்த இமேஜுக்கு ஜிலிப்சி எஸ்டிகேயில் கம்பைல் செய்தால் இப்படி வரும். சாஃப்ட் ஃப்ளோட்டையும் ஹார்டு ஃப்ளோட்டையும் கலந்தாலும் வரும். முன்பு 'ஃபைல்' கட்டளை காட்டிய பாதை போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, ஜிலிப்சி 2.38 கிடைக்கவில்லை என்ற வகைப் பிழை. இமேஜும் எஸ்டிகேயும் ஜோடி மாறியதற்கு நேரடிச் சாட்சி இது. உதாரணமாக, போர்டில் யோக்டோவின் பழைய பதிப்பான கிர்க்ஸ்டோன் இமேஜ் ஓடுகிறது, அதில் ஜிலிப்சி 2.35. உங்களிடம் இருப்பது ஸ்கார்த்கேப் எஸ்டிகே, அதில் 2.39. புதிய ஜிலிப்சியில் சேர்ந்த ஒரு செயல்பாட்டை உங்கள் புரோகிராம் கேட்கிறது, பழைய போர்டில் அது இல்லை. இதைச் சரிசெய்ய போர்டில் லைப்ரரி கோப்பை மட்டும் தூக்கி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம், சி லைப்ரரியை அப்படி மாற்றினால் போர்டு பூட் ஆகாமலே போகலாம். இமேஜுக்குரிய எஸ்டிகேயை எடுத்து மறுபடி கம்பைல் செய்வதே வழி.

டீபக் செய்ய, போர்டில் ஜிடிபிசர்வர், கோலன் 2345, புரோகிராமின் பெயர் என்று கொடுத்து ஓட்டுங்கள். கணினியில் டாலர் ஜிடிபி என்று தொடங்கி, செட் சிஸ்ரூட் என்று சொல்லி எஸ்டிகேயின் டார்கெட் சிஸ்ரூட் பாதையைக் கொடுங்கள். இதை விட்டுவிட்டால் லைப்ரரி கோப்புகளைத் தவறான இடத்தில் தேடும், இல்லையென்றால் போர்டிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு மெதுவாக நகரும். பிறகு டார்கெட் ரிமோட், போர்டின் ஐபி, கோலன், அதே 2345. எஸ்டிகேயின் சிஃப்ளாக்ஸில் டீபக் தகவலுக்கான மைனஸ் ஜி ஏற்கெனவே உண்டு. ஆனால் ஓ2 ஆப்டிமைசேஷனும் இருப்பதால் பல மாறிகளின் மதிப்பைப் பார்க்க முடியாது. டீபக் பில்டுக்கு மட்டும் கடைசியில் மைனஸ் ஓஜி சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாளைக்குப் புதிதாக ஒரு லைப்ரரி தேவைப்பட்டால் எஸ்டிகேயின் சிஸ்ரூட்டுக்குள் கையால் காப்பி செய்யாதீர்கள். லோக்கல் டாட் கான்ஃபில் சேர்த்து, இமேஜையும் எஸ்டிகேயையும் மறுபடி பில்ட் செய்து, புது எஸ்டிகேயைப் புது ஃபோல்டரில் நிறுவுங்கள். வாடிக்கையாளருக்கு ஒரு இமேஜ் போகும் நாளில் அதன் எஸ்டிகே இன்ஸ்டாலரையும் அதே வெளியீட்டு ஃபோல்டரில் சேர்த்துவைத்துவிடுங்கள். மில்லில் மூன்று வருடமாக ஓடும் பெட்டிக்கு ஒரு சின்னத் திருத்தம் கேட்டு அழைப்பு வரும்போது, அந்த இமேஜின் எஸ்டிகே கையில் இருந்தால் அன்றைக்கே திருத்தி அனுப்பிவிடலாம்.