அலமாரி வாங்கும் முன் டிராயரை இழுத்துப் பாருங்கள்

அலமாரியோ டிவி மேசையோ வாங்கும்போது, டிராயரை முழுதாக வெளியே இழுத்து அதன் பின்விளிம்பையும், அப்படியே குனிந்து அலமாரியின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். முன்பக்கம் எவ்வளவு பளபளத்தாலும் மறைவான விளிம்புகளுக்குப் பெரும்பாலும் பூச்சு இருக்காது. மர ரேகை ஓடினால் நல்ல கட்டை. பொடிப்பொடியாகத் தெரிந்தால் மரத்தூளைப் பசையோடு அழுத்திய பலகை. மலேசியாவில் பகாவ் மாதிரி தோட்டப் பட்டணங்களில் சிமெண்டுத் தரையைத் தண்ணீர் விட்டுத்தான் துடைக்கிறோம். அந்த ஈரத்தில் தூள் பலகை உப்பிவிடும், பிறகு சரியாகவே ஆகாது.

பால்மரக் கட்டையில், அதாவது ரப்பர் மரத்தில், செய்ததைக் கேட்டு வாங்குங்கள், ஜொகூரின் மூவாரில் நிறையச் செய்கிறார்கள். வெளிர் நிறம் என்பதால் எந்தச் சாயமும் அழகாகப் பிடிக்கும்.

சுவரில் மாட்டும் சின்னத் தட்டுக்குத் தூள் பலகையே போதும். அப்புறம், மழை படும் வாசலுக்குப் பால்மரமும் ஆகாது.